அறுபது சென்டிமீட்டரில் தொடங்கிய பயணம்

டிரோன் எனப்படும் ஆளில்லா வானூர்தியை இன்று காணாதவர்கள் மிகக் குறைவு. திருமண வைபவங்களில் படம் எடுப்பதற்கும், தோட்டங்களில் மருந்து தெளிப்பதற்கும், வெள்ளத்தில் சிக்கியவர்களைத் தேடுவதற்கும் அது பயன்படுகிறது. ஓடுபாதையில் ஓடாமல், நின்ற இடத்திலிருந்தே அது மேலே எழுகிறது. விரும்பிய உயரத்தில் அசையாமல் நிற்கிறது. அதன் நான்கு மூலைகளிலும் சுழலும் விசிறிகளைக் கூர்ந்து கவனித்தால் ஓர் உண்மை புலப்படும். அவை நான்கும் ஒரே திசையில் சுழல்வதில்லை. எதிரெதிர் மூலைகளில் உள்ள இரண்டு விசிறிகள் வலப்புறமாகச் சுழன்றால், மற்ற இரண்டும் இடப்புறமாகச் சுழலும்.

இந்த ஏற்பாடு அண்மையில் தோன்றியதன்று. 1907ஆம் ஆண்டிலேயே பிரான்சு நாட்டு இளம் பொறியியலாளர் ஒருவர், இதே முறையில் நான்கு சுழலிகளைக் கொண்ட ஊர்தியை உருவாக்கினார். அதில் ஒரு மனிதரை அமர்த்தித் தரையிலிருந்து மேலே எழச் செய்தார். அவர்தாம் லூயி பிரெகே. அன்று அவருடைய ஊர்தி எழுந்த உயரம் அறுபது சென்டிமீட்டர் மட்டுமே. அந்தச் சிறிய உயரத்திலிருந்து உண்மையான பறத்தலை எட்டுவதற்கு அவருக்கு இருபத்தெட்டு ஆண்டுகள் தேவைப்பட்டன.

கடிகாரக் குடும்பத்தின் வாரிசு

லூயி பிரெகே 1880ஆம் ஆண்டு ஜனவரி மாதம் 2ஆம் நாள் பாரிஸ் நகரில் பிறந்தார். பிரெகே என்ற பெயர் அப்போதே ஐரோப்பாவெங்கும் அறியப்பட்டிருந்தது. அவருடைய தாத்தாவின் தாத்தாவாகிய ஆபிரகாம் லூயி பிரெகே உலகப் புகழ் பெற்ற கடிகாரக் கலைஞர். கடிகாரம் எந்த நிலையில் இருந்தாலும் நேரம் பிசகாமல் ஓடுவதற்காக, தனக்குள்ளேயே சுழலும் பொறியமைப்பு ஒன்றைக் கண்டுபிடித்து, 1801ஆம் ஆண்டில் அதற்குக் காப்புரிமை பெற்றவர் அவர். தாத்தா லூயி கிளெமான் பிரெகே இயற்பியல் அறிஞர்; தந்திக் கருவிகளையும் மின் கருவிகளையும் உருவாக்கியவர். தந்தை அந்துவானும் மின்னியலில் ஈடுபட்டிருந்தார். ஆனால், லூயிக்கு இரண்டு வயதாக இருந்தபோதே, 1882ஆம் ஆண்டில், தந்தை இளம் வயதில் காலமானார்.

தந்தையை இழந்தபோதும் லூயியின் கல்வி தடைபடவில்லை. பாரிஸின் சிறந்த பள்ளிகளில் பயின்ற அவர், பின்னர் மின்பொறியியல் உயர்கல்விக் கூடத்தில் சேர்ந்து, 1903ஆம் ஆண்டில் பொறியியலாளராக வெளிவந்தார். அதன்பின் குடும்பத்தாரின் மின் பொறியியல் நிறுவனத்தில் பணியில் அமர்ந்தார். அந்நிறுவனத்தின் தொழிற்கூடம் பிரான்சின் வடபகுதியில் உள்ள துவே நகரில் இருந்தது. மின் இயந்திரங்களை உருவாக்குவதே அவருடைய வேலை. அந்த வேலையைத் தொடர்ந்திருந்தாலே அவர் வசதியாக வாழ்ந்திருக்க முடியும். எனினும், அவருடைய மனம் வானத்தை நாடியது.

நின்ற இடத்திலிருந்தே எழ முடியுமா?

1903ஆம் ஆண்டு டிசம்பர் 17ஆம் நாள் அமெரிக்காவில் ரைட் சகோதரர்கள் இயந்திர விமானத்தில் பறந்தனர். அதன்பின் விமானம் உருவாக்கும் ஆர்வம் பிரான்சிலும் காட்டுத்தீ போல் பரவியது. ஆனால், விமானத்திற்கு ஒரு கட்டுப்பாடு உண்டு. அதன் இறக்கைகள் அசையாமல் இருக்கின்றன. விமானம் வேகமாக முன்னோக்கிச் சென்றால்தான் இறக்கைகளின்மேல் காற்று பாயும். காற்று பாய்ந்தால்தான் அது மேலே எழும். ஆகவே, விமானம் எழுவதற்கும் இறங்குவதற்கும் நீண்ட திடல் தேவை. நடுவானில் அதனால் அசையாமல் நிற்கவும் முடியாது.

பிரெகே வேறு வழியில் சிந்தித்தார். ஊர்தி முழுவதையும் ஓடச் செய்வதற்கு மாறாக, இறக்கைகளை மட்டும் ஓடச் செய்தால் என்ன? இறக்கைகளை ஓர் அச்சில் பொருத்தி, விசிறியைப் போல் சுழற்றினால், ஊர்தி நின்ற இடத்தில் நிற்கும்போதே இறக்கைகளின்மேல் காற்று பாயும் அல்லவா? இவ்வாறு சுழலும் இறக்கைத் தொகுதியையே சுழலி என்கிறோம்.

1905ஆம் ஆண்டில் பிரெகே தம் சகோதரர் ஜாக்குடன் இணைந்து இந்த ஆய்வில் இறங்கினார். பேராசிரியர் சார்ல் ரிஷே அவர்களுக்குத் துணை நின்றார். ரிஷே ஒரு மருத்துவ அறிவியலாளர். பின்னாளில், 1913ஆம் ஆண்டில், மருத்துவத்திற்கான நோபல் பரிசைப் பெற்றவர். பறக்கும் பொறிகளில் அவருக்கு நெடுநாளாகவே ஈடுபாடு இருந்தது. இந்தக் கூட்டு முயற்சியில் உருவான ஊர்திக்கு ஜைரோபிளேன் எனப் பெயரிட்டனர். சுழன்று பறக்கும் ஊர்தி என்பது அதன் பொருள்.

சுழற்சியும் எதிர்ச்சுழற்சியும்

சுழலியைக் கொண்டு எழ முயல்பவர் முதலில் ஒரு சிக்கலை எதிர்கொள்ள வேண்டும். சுழல் நாற்காலி ஒன்றில், கால்கள் தரையில் படாதவாறு அமர்ந்துகொள்ளுங்கள். உடலின் மேற்பகுதியை வேகமாக வலப்புறம் திருப்புங்கள். நாற்காலி இடப்புறம் திரும்புவதை உணர்வீர்கள். ஒரு பொருளை ஒரு பக்கமாகச் சுழற்றும்போது, சுழற்றுகின்ற பொருள் மறுபக்கமாகத் திரும்ப முற்படும். இஃது இயற்கையின் விதி.

சுழலி பொருத்திய ஊர்திக்கும் இதே நிலைதான். இயந்திரம் சுழலியை வலப்புறமாகச் சுழற்றினால், ஊர்தியின் உடற்பகுதி இடப்புறமாகச் சுழலத் தொடங்கும். தரையில் இருக்கும்வரை இதனை உணர முடியாது. தரையை விட்டு எழுந்த மறுகணமே, உள்ளே இருப்பவர் பம்பரம் போல் சுற்ற வேண்டியிருக்கும்.

இதற்குத் தீர்வு, ஒன்றுக்கொன்று எதிர்த்திசையில் சுழலும் சுழலிகளைப் பொருத்துவதாகும். ஒரு சுழலி ஊர்தியை இடப்புறம் திருப்ப முயலும்; மற்றொன்று அதனை வலப்புறம் திருப்ப முயலும். இரண்டும் சம வலிமையோடு இழுப்பதால் ஊர்தி எந்தப் பக்கமும் திரும்பாது. கயிறு இழுக்கும் போட்டியில் இரு குழுக்களும் சம பலத்தோடு இழுக்கும்போது கயிறு நகராமல் நிற்பது போன்றது இது. திருப்பும் விசைகள் ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும். ஆனால், மேலே தூக்கும் விசைகள் ஒன்றோடொன்று சேர்ந்து பெருகும். எதிர்ச்சுழற்சியின் பயன் இதுவே.

துவே நகரில் ஒரு சோதனை

பிரெகே சகோதரர்கள் கண்ணும் கருத்துமாக உழைத்து 1907ஆம் ஆண்டில் முதல் ஜைரோபிளேனை உருவாக்கி முடித்தனர். அதன் தோற்றம் இன்றைய டிரோனை நினைவூட்டும்; ஆனால், அளவில் அது மிகப் பெரியது. எஃகுக் குழாய்களால் ஆன நான்கு நீண்ட கைகள் கூட்டல் குறி போல் பரந்து கிடந்தன. ஒவ்வொரு கையின் முனையிலும் ஒரு சுழலி இருந்தது. ஒவ்வொரு சுழலியும் ஏறத்தாழ எட்டு மீட்டர் விட்டம் கொண்டது. அக்கால விமானங்களின் இறக்கைகளைப் போலவே, சுழலியின் இறக்கைத் தகடுகளும் மேலும் கீழுமாக இரண்டடுக்காக அமைந்திருந்தன. ஒரு சுழலிக்கு எட்டுத் தகடுகள் வீதம் மொத்தம் முப்பத்திரண்டு தகடுகள் காற்றைக் கீழ்நோக்கித் தள்ளின. எதிரெதிர் முனைகளில் இருந்த ஓர் இணைச் சுழலிகள் ஒரு திசையிலும், மற்ற இணை அதற்கு எதிர்த்திசையிலும் சுழன்றன.

கைகள் சந்திக்கும் நடுப்பகுதியில் அந்துவானெத் எனும் பெயர்கொண்ட இயந்திரம் பொருத்தப்பட்டிருந்தது. அதன் ஆற்றல் ஏறத்தாழ 45 குதிரைத்திறன். இன்றைய சிறிய மகிழுந்தின் இயந்திர ஆற்றலைவிடவும் இது குறைவு. அந்த ஒரே இயந்திரம்தான் நான்கு சுழலிகளையும் சுழற்ற வேண்டும். இருக்கையில் அமர்ந்திருப்பவரையும் சேர்த்து அரை டன்னுக்கும் அதிகமான எடையைத் தூக்க வேண்டும். ஒவ்வொரு கிலோகிராமும் பொருட்டாகக் கருதப்பட்டது. அதனால், எடை குறைந்தவரான வோலுமார் என்பவர் இருக்கையில் அமர்த்தப்பட்டார்.

சோதனைகள் அவ்வாண்டின் பிற்பகுதியில் துவே நகரில் நடைபெற்றன. நான்கு கைகளின் அருகிலும் ஆளுக்கொருவராக நான்கு பேர் நின்று, ஊர்தி சாய்ந்துவிடாமல் பிடித்துக்கொண்டனர். இயந்திரம் முழங்கியது, சுழலிகள் வேகம் பிடித்தன. ஊர்தி மெல்லத் தரையை விட்டு எழுந்து, ஏறத்தாழ அறுபது சென்டிமீட்டர் உயரத்தில் ஒரு நிமிட அளவு நின்றது. பின்னர் நடந்த சோதனையில் அஃது ஏறத்தாழ ஒன்றரை மீட்டர் உயரத்தை எட்டியது.

தூக்குவது வேறு, பறப்பது வேறு

இந்தச் சோதனையில் பிரெகே வென்றாரா, தோற்றாரா? இக்கேள்விக்கு ஒரே சொல்லில் விடை கூற இயலாது.

சுழலிகளால் ஒரு மனிதரைத் தூக்க முடியும் என்பது நிரூபணமானது. ஊர்தியைப் பிடித்திருந்தவர்கள் அதனைத் தூக்கவில்லை. அது சாயாமல் காத்தார்கள், அவ்வளவுதான். எதிர்ச்சுழற்சி முறையும் சரியாகச் செயல்பட்டது. ஊர்தி பம்பரம் போல் சுழலவில்லை. எனினும், அந்த நால்வர் கையை விட்டிருந்தால் ஊர்தி கவிழ்ந்திருக்கும். ஒரு பக்கம் சற்றே தாழ்ந்தாலும் அதனை நிமிர்த்துவதற்கு இருக்கையில் இருந்தவரிடம் வழியில்லை. முன்னே செலுத்தவும் பக்கவாட்டில் திருப்பவும் உரிய கருவிகள் அதில் இல்லை. நீண்ட குச்சி ஒன்றை உள்ளங்கையில் நிமிர்த்தி நிற்க வைப்பதாகக் கற்பனை செய்துகொள்ளுங்கள். குச்சியைத் தூக்குவது எளிது. அது விழாமல் இருக்க, கையை ஒவ்வொரு கணமும் நகர்த்திக்கொண்டே இருக்க வேண்டும். பிரெகேயின் ஊர்திக்கு அவ்வாறு நகரும் கை இல்லை.

இதனால்தான் துவேயில் நடந்தது சுதந்திரமான பறத்தலாக ஏற்கப்படவில்லை. அதே ஆண்டு நவம்பர் 13ஆம் நாள் பிரான்சைச் சேர்ந்த போல் கோர்னு என்பவர், இரண்டு சுழலிகள் கொண்ட தமது ஊர்தியில் எவரும் பிடிக்காமலேயே எழுந்ததாகப் பதிவாயிற்று. பிற்காலத்தில் சிலர் அதனை ஐயுற்றபோதும், முதல் ஹெலிகாப்டர் பறத்தல் என்னும் பெருமை பல காலம் கோர்னுவுக்கே வழங்கப்பட்டு வந்தது.

பிரெகே மனம் தளரவில்லை. 1908ஆம் ஆண்டில் இரண்டு சுழலிகளையும் நிலையான இறக்கைகளையும் இணைத்து அடுத்த ஜைரோபிளேனை உருவாக்கினார். அதுவும் எழுந்தது, ஆனால், இறங்கும்போது சேதமுற்றது. அவர் அதனைச் செப்பனிட்டார். 1909ஆம் ஆண்டில் வீசிய கடும்புயல் தொழிற்கூடத்தைத் தாக்கியபோது, செப்பனிடப்பட்ட ஊர்தியும் அழிந்துபோனது. மூன்று நான்கு ஆண்டுகளின் உழைப்பு ஒரே நாளில் சிதைந்தது.

விமானங்களின் பக்கம்

அதன்பின் பிரெகே தம் கவனத்தை விமானங்களின்மீது திருப்பினார். ஹெலிகாப்டருக்குத் தேவையான இலேசான இயந்திரங்களும், கட்டுப்படுத்தும் முறைகளும் அன்று உருவாகியிருக்கவில்லை. காலம் கனியாத பணியோடு போராடுவதைவிட, கைகூடக்கூடிய பணியில் இறங்கி அனுபவம் பெறுவது மேல் என்ற வழியில் அவர் சென்றார்.

1909ஆம் ஆண்டில் அவருடைய முதல் விமானம் பறந்தது. தாம் உருவாக்கிய விமானங்களைத் தாமே ஓட்டிப் பார்ப்பது அவருடைய வழக்கம். 1911ஆம் ஆண்டு மார்ச் மாதம் 23ஆம் நாள் பதினொரு பயணிகளை ஏற்றிக்கொண்டு ஐந்து கிலோமீட்டர் பறந்து அனைவரையும் வியப்பில் ஆழ்த்தினார். ஒருவரோ இருவரோ மட்டுமே விமானத்தில் பறந்துகொண்டிருந்த காலம் அது. அதே ஆண்டில் தம் பெயரிலேயே விமான நிறுவனம் ஒன்றையும் தொடங்கினார்.

முதல் உலகப் போரின்போது அவர் உருவாக்கிய பிரெகே 14 விமானம் பெரும் புகழ் பெற்றது. மரத்தாலும் துணியாலும் விமானங்கள் செய்யப்பட்ட அந்நாளில், துராலுமின் எனப்படும் இலேசான அலுமினியக் கலப்பு உலோகத்தை அவர் அதில் பெருமளவு பயன்படுத்தினார். அவ்விமானங்கள் ஏறத்தாழ 8,000 வரை தயாரிக்கப்பட்டன. போருக்குப் பின்னர், பிரான்சிலிருந்து வட ஆப்பிரிக்காவுக்குக் கடிதங்களைச் சுமந்து செல்லும் பணியிலும் அவை ஈடுபட்டன. 1919ஆம் ஆண்டில் பிரெகே விமானப் போக்குவரத்து நிறுவனம் ஒன்றைத் தொடங்கினார். அது பிற நிறுவனங்களோடு இணைந்து, பின்னர் 1933ஆம் ஆண்டில் உருவான ஏர் பிரான்சு நிறுவனத்தின் ஓர் அங்கமாயிற்று.

குறிப்பிட்ட அளவு எரிபொருளைக் கொண்டு ஒரு விமானம் எவ்வளவு தொலைவு பறக்கும் என்பதைக் கணக்கிட உதவும் சமன்பாடு அவர் பெயரால் வழங்குகிறது. இயந்திரத்தின் சிக்கனம், இறக்கையின் திறன், எரிபொருளின் எடை ஆகியவை பறக்கும் தொலைவை எவ்வாறு தீர்மானிக்கின்றன என்பதை அது காட்டுகிறது. விமானப் பொறியியல் மாணவர்கள் இன்றும் அதனைக் கற்கின்றனர்.

அவருடைய நிறுவனத்தின் விமானங்கள் நெடுந்தொலைவுப் பயணங்களில் தடம் பதித்தன. 1930ஆம் ஆண்டு செப்டம்பர் முதல் நாள், கோஸ்த், பெலோந்த் என்னும் இரு வானோடிகள் பாரிஸிலிருந்து புறப்பட்டனர். எங்கும் இறங்காமல் அட்லாண்டிக் பெருங்கடலைக் கடந்து மறுநாள் நியூயார்க்கை அடைந்தனர். அவர்கள் ஓட்டிய பிரெகே 19 விமானத்தின் உடற்பகுதியில் பெரிய வினாக்குறி ஒன்று தீட்டப்பட்டிருந்தது.

பிரெகேயின் ஆர்வம் வானத்தோடு நிற்கவில்லை. பாய்மரப் படகோட்டத்திலும் தேர்ச்சி பெற்றிருந்த அவர், 1924ஆம் ஆண்டு பிரான்சில் நடைபெற்ற ஒலிம்பிக் போட்டியில் வெண்கலப் பதக்கம் வென்ற படகுக் குழுவில் ஒருவராக இருந்தார்.

பழைய கேள்விக்குப் புதிய விடை

பிரெகே விமானங்களில் ஈடுபட்டிருந்த காலத்தில், நின்று பறக்கும் ஊர்திக்கான முயற்சிகளைப் பிறர் தொடர்ந்தனர். 1922ஆம் ஆண்டில் ஜார்ஜ் டி போதெசாட் என்பவர் அமெரிக்க இராணுவத்திற்காக உருவாக்கிய நான்கு சுழலி ஊர்தி ஏறத்தாழ இரண்டு மீட்டர் உயரம் எழுந்து நின்றது. 1924ஆம் ஆண்டில் எத்தியன் ஓமிஷென் என்ற பிரெஞ்சுப் பொறியியலாளர், நான்கு சுழலிகளும் எட்டுச் சிறிய உந்து விசிறிகளும் கொண்ட தம் ஊர்தியில் ஒரு கிலோமீட்டர் வட்டப் பாதையைச் சுற்றி வந்தார். இவை அரிய சாதனைகளே. எனினும், பல சுழலிகளையும் அவற்றை இணைக்கும் அச்சுகளையும் சமாளிப்பது பெரும்பாடாக இருந்தது. ஓட்டுபவருக்கு இரண்டு கைகளும் இரண்டு கால்களும்தானே உள்ளன!

இதற்கிடையில் ஸ்பெயின் நாட்டைச் சேர்ந்த ஹுவான் டி லா சியர்வா ஒரு முக்கியமான உண்மையைக் கண்டறிந்தார். சுழலி முன்னோக்கி நகரும்போது, அதன் ஒரு பக்கத்துத் தகடு காற்றை எதிர்த்துச் செல்கிறது. மறுபக்கத்துத் தகடு காற்றோடு செல்கிறது. அதனால் ஒரு பக்கம் அதிகமாகத் தூக்கும், மறுபக்கம் குறைவாகத் தூக்கும், ஊர்தி கவிழும். தகடுகளை அச்சோடு இறுகப் பிணைக்காமல், கதவைப் போல் கீல் வைத்துப் பொருத்தினால், அவை சற்றே மேலும் கீழும் அசைந்து இந்த வேறுபாட்டைச் சரிசெய்துவிடும். 1923ஆம் ஆண்டில் சியர்வாவின் ஊர்தி இம்முறையில் பறந்து காட்டியது.

இப்போது காலம் கனிந்திருந்தது. 1931ஆம் ஆண்டில், தம் ஐம்பத்தோராம் வயதில், பிரெகே மீண்டும் ஜைரோபிளேன் ஆய்வைத் தொடங்கினார். விமானத் துறையில் பெயரும் புகழும் பெற்றுவிட்ட பிறகு, பழைய தோல்வியைத் தொடாமலேயே அவர் இருந்திருக்கலாம். ஆனால், இளமையில் பாதியில் நின்ற பணியை அவர் மறக்கவில்லை. ரெனே தொரான் என்ற பொறியியலாளரைத் துணையாகக் கொண்டு புதிய ஊர்தியை வடிவமைத்தார்.

இம்முறை நான்கு சுழலிகள் இல்லை, இரண்டே இரண்டுதான். அவையும் தனித்தனிக் கைகளில் இல்லை. ஒரே அச்சில் ஒன்றன்மேல் ஒன்றாக அமைந்து எதிரெதிர்த் திசைகளில் சுழன்றன. 1907ஆம் ஆண்டின் எதிர்ச்சுழற்சிக் கொள்கை அப்படியே நிலைத்தது. அமைப்பு மட்டும் எளிமையானது. ஒவ்வொரு சுழலியின் விட்டமும் ஏறத்தாழ பதினாறு மீட்டர். தகடுகள் கீல்களோடு பொருத்தப்பட்டிருந்தன.

முன்பு இல்லாத கட்டுப்பாடு இப்போது ஓட்டுபவரின் கைக்கு வந்தது. எல்லாத் தகடுகளின் சாய்வையும் ஒருசேர மாற்றினால் ஊர்தி ஏறும் அல்லது இறங்கும். தகடுகள் சுழன்று வரும்போது ஒரு பக்கத்தில் மட்டும் சாய்வைக் கூட்டினால், ஊர்தி மறுபக்கமாகச் சாய்ந்து நகரும். மேல் சுழலிக்கும் கீழ்ச் சுழலிக்கும் இடையே சாய்வில் வேறுபாடு ஏற்படுத்தினால், சம நிலையில் இருந்த கயிறு இழுப்பில் ஒரு குழு வலுவடைந்தது போலாகி, ஊர்தி வலமோ இடமோ திரும்பும். முன்னர் ஊர்தி திரும்பாமல் காத்த அதே எதிர்ச்சுழற்சி, இப்போது வேண்டியபோது திருப்பவும் பயன்பட்டது.

எனினும், வெற்றி உடனே கிட்டவில்லை. 1933ஆம் ஆண்டில் ஊர்தி பறக்கும் முன்னரே விபத்துக்குள்ளாகிக் கடுமையாகச் சேதமுற்றது. அதனைத் திருத்தி அமைக்க மேலும் ஒன்றரை ஆண்டுகளுக்கு மேல் ஆயின. இறுதியில் 1935ஆம் ஆண்டு ஜூன் மாதம் 26ஆம் நாள், பாரிஸுக்கு அருகில் உள்ள வில்லாகூப்ளே என்னுமிடத்தில், மொரிஸ் கிளேஸ் என்ற வானோடி அதனை ஓட்டிப் பறந்தார். எவரும் பிடித்துக்கொள்ள வேண்டிய தேவை இல்லாமல் அது பறந்தது.

அடுத்த ஆண்டில் சாதனைகள் தொடர்ந்தன. 1936ஆம் ஆண்டு செப்டம்பர் மாதத்தில் அந்த ஊர்தி 158 மீட்டர் உயரத்தை எட்டியது. நவம்பர் மாதத்தில் ஒரு மணி நேரத்திற்கும் மேலாக வானில் இருந்து, 44 கிலோமீட்டர் தொலைவைச் சுற்றிப் பறந்தது. அறுபது சென்டிமீட்டர் உயரத்தில் ஒரு நிமிடம் நின்ற கனவு, இருபத்தெட்டு, இருபத்தொன்பது ஆண்டுகளில் இந்த நிலைக்கு வளர்ந்திருந்தது.

ஆயினும், இந்த ஊர்தியும் நீண்ட நாள் நிலைக்கவில்லை. இரண்டாம் உலகப் போர் வெடித்ததும் ஆய்வு நின்றது. 1943ஆம் ஆண்டில் வில்லாகூப்ளே விமானத் தளத்தின்மீது நடந்த குண்டுவீச்சில் அஃது அழிந்துபோனது. அதற்குள் ஜெர்மனியிலும், அமெரிக்காவில் இகோர் சிகோர்ஸ்கியின் முயற்சியாலும் ஹெலிகாப்டர்கள் வேகமாக முன்னேறின. பிரெகே போருக்குப் பின்னரும் இத்துறையைக் கைவிடவில்லை. ஒரே அச்சில் இரு சுழலிகள் கொண்ட மற்றொரு ஹெலிகாப்டர் அவருடைய நிறுவனத்தில் உருவாகி, 1949ஆம் ஆண்டில் பறந்தது. 1955ஆம் ஆண்டு மே மாதம் 4ஆம் நாள், தம் எழுபத்தைந்தாம் வயதில் லூயி பிரெகே இயற்கை எய்தினார்.

இன்றைய வானில் பிரெகேயின் எண்ணம்

1907ஆம் ஆண்டில் பிரெகேயின் நான்கு சுழலி ஊர்தியைச் சாயாமல் காக்க நான்கு மனிதர்கள் தேவைப்பட்டனர். இன்றைய டிரோனில் அந்த நால்வரின் வேலையை, நகக்கண் அளவே உள்ள மின்னணு உணரிகளும் சிறிய கணினியும் செய்கின்றன. டிரோன் எந்தப் பக்கம் சாய்கிறது என்பதை உணரிகள் ஒரு நொடியில் பல நூறு முறை அளக்கின்றன. தாழும் பக்கத்து விசிறியின் வேகத்தைக் கணினி உடனே கூட்டுகிறது. பிரெகேயிடம் நான்கு சுழலிகளுக்கும் ஒரே இயந்திரம் இருந்தது. டிரோனின் ஒவ்வொரு விசிறிக்கும் தனித்தனி மின்விசைப்பொறி உள்ளது. குச்சியைத் தாங்கும் உள்ளங்கை ஓயாமல் நகர்வது போல், நான்கு விசிறிகளும் ஓயாமல் தம் வேகத்தைத் திருத்திக்கொள்கின்றன. ஒருகாலத்தில் கைவிடப்பட்ட நான்கு சுழலி அமைப்பு இவ்வாறு புத்துயிர் பெற்றுள்ளது.

பிரெகேயின் முதல் முயற்சியை வெறும் தோல்வி என ஒதுக்கிவிட முடியாது. எது தெரிந்துவிட்டது, எது இன்னும் தெரியவில்லை என்பதை அது தெளிவாகப் பிரித்துக் காட்டியது. தூக்கும் வழி தெரிந்தது. கட்டுப்படுத்தும் வழி தெரியவில்லை. தெரியாத அந்தப் பகுதிக்காக அவர் காத்திருந்தார். ஆனால், கைகட்டிக்கொண்டு காத்திருக்கவில்லை. இடைப்பட்ட ஆண்டுகளில் விமானங்களை உருவாக்கி, உலோகங்களையும் இயந்திரங்களையும் காற்றின் இயல்பையும் கற்றுத் தேர்ந்தார். தக்க காலம் வந்தபோது, பிறர் கண்டறிந்த உண்மைகளையும் ஏற்றுக்கொண்டு, விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தார்.

அடிமேல் அடி அடித்தால் அம்மியும் நகரும் என்பார்கள். ஒரு முயற்சி பாதியில் நின்றுவிட்டால், அது முடிந்துவிட்டதாக எண்ணத் தேவையில்லை. ஏன் நின்றது என்பதை உணர்ந்து, அதற்கு வேண்டிய அறிவைச் சேர்த்துக்கொண்டு திரும்பி வருபவருக்கு அந்தப் பணி காத்திருக்கும். லூயி பிரெகேயின் வாழ்க்கை அதற்கு நல்லதோர் எடுத்துக்காட்டு.